பழைய நகலா, புது நகலா? எதை நம்புவது?

சென்ற இதழில் "ஒரே டேட்டா நாலு இடத்தில் நகலாக இருந்தால் படும் பாடு தனி" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு தளத்தில் கருத்து எழுதிப் போட்டேன். பக்கத்தைப் புதுப்பித்தால் காணோம். போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் வரிசையாக நிற்கின்றன. என் போன் கோளாறா?

போன் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் எழுதியது ஒரு சர்வரில் போய் விழுந்தது, படித்தது வேறொரு சர்வரிலிருந்து. பல அமைப்புகளில் எழுதுவதற்கு என்று ஒரு தலைமை நகல் இருக்கும், அது தன்னிடம் வந்த மாற்றங்களை மற்ற நகல்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எழுதுகிறவர்களைவிடப் படிக்கிறவர்கள் எப்போதும் அதிகம் என்பதால் படிக்க வருகிறவர்களை எல்லாம் அந்த மற்ற நகல்களுக்குத் திருப்பிவிடுவார்கள். அந்த நகல் அரை விநாடி பின்தங்கியிருந்தாலும் போதும், உங்கள் கருத்து உங்கள் கண்ணுக்கே தெரியாது.

மற்றவர்களுக்கு அது மூன்று விநாடி தாமதமாகத் தெரிந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எழுதியவருக்கே தெரியாமல் போவதுதான் வம்பு. ஆகவே 'நான் எழுதியதை நான் படிக்க வேண்டும்' என்பதை மட்டும் தனியாகப் பிரித்து உத்தரவாதமாகக் கொடுக்கலாம். இதை 1994-லேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பேயூ என்ற அமைப்பைக் கட்டியவர்கள் எழுதிவிட்டார்கள். அதன் கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: ஒரு முறை புதியதைப் பார்த்தவருக்கு அடுத்த முறை அதைவிடப் பழையதைக் காட்டக்கூடாது. (இருந்த கருத்து புதுப்பித்ததும் மாயமாகி, இன்னொரு முறை புதுப்பித்தால் திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த உத்தரவாதம் இல்லாததால்.) செய்வதும் பெரிய வித்தை இல்லை. எழுதி முடித்ததும் பயனாளர் கையில் ஒரு பதிப்பு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அவர் படிக்க வரும்போது, 'இந்த எண் வரை உன்னிடம் வந்துவிட்டதா?' என்று நகலைக் கேட்க வேண்டும். வரவில்லை என்றால் சற்றுக் காத்திருக்கலாம், அல்லது தலைமை நகலிடமே போய்க் கேட்கலாம். அவர்கள் இதைச் செய்திருந்தால் நீங்கள் இரண்டாவது முறை எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

கேள்வி: எல்லா நகலையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் தீர்ந்தது. இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?

'ஒரே நேரத்தில்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், சிக்கல் மொத்தமும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். போக 85 மில்லிவிநாடி, திரும்ப 85. கேபிள் நேர்கோட்டில் கிடப்பதில்லை, எனவே நிஜத்தில் இன்னும் கூடும். அந்த இழையில் எவ்வளவு பணம் கொட்டினாலும் 170-க்குக் கீழே இறங்காது. ஒரு பக்கம் திறக்க அது பெரிய தாமதமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒரே பதிவைப் பூட்டி, அந்தப் பக்கத்திலிருந்து 'சரி' வரும்வரை காத்திருந்து, பிறகு திறந்து, மறுபடி பூட்டி என்று போனால் விநாடிக்கு ஆறு முறைகூட மாற்ற முடியாது. டிக்கெட் விற்பனை சூடாக நடக்கும்போது 'மீதி இருக்கை' என்ற ஒரே எண்ணை விநாடிக்கு ஐந்து முறைதான் மாற்ற முடியும் என்றால் என்ன ஆகும்?

சரி, மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்திலிருந்து பதிலே வராவிட்டால்? சர்வர் செத்துவிட்டதா, மூச்சு வாங்குகிறதா, நடுவில் கேபிள் அறுந்ததா என்று இங்கிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை. செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வரம்பே இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு கணினி படுத்துவிடக்கூடும் என்றாலும்கூட, கட்டாயம் முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி சொல்லக்கூடிய, பகடை உருட்டாத (அதாவது தற்செயலை நம்பாத) உடன்பாட்டு முறை எதுவும் கிடையாது என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985-ல் நிரூபித்தார்கள். நடைமுறையில் நாம் டைம்அவுட் (காத்திருக்க ஒரு நேர வரம்பு) வைத்து ஊகிக்கிறோம், ஊகம் சில சமயம் தப்புகிறது.

அதனால்தான் எல்லோருக்காகவும் காத்திருக்காமல் பெரும்பான்மைக்கு மட்டும் காத்திருக்கும் வழி வந்தது. 1998-ல் அச்சான, லாம்போர்ட் என்ற கணினி விஞ்ஞானியின் பாக்சோஸும் 2014-ல் வந்த ராஃப்ட்டும் அந்த வகை உடன்பாட்டு முறைகள். ஐந்து நகல் இருந்தால் தலைவரோடு சேர்த்து மூன்று பேர் எழுதிக்கொண்டால் போதும், அதாவது வேகத்தைத் தீர்மானிப்பது தலைவருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர்தான், உலகின் மறுமுனையில் இருப்பவர் இல்லை. எந்த ஊரில் எந்த நகலை வைப்பது என்று யோசிக்கும்போது இந்த ஒரு கணக்கை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கேப் (CAP) தேற்றப்படி ஒத்திசைவு (எல்லா நகலும் ஒரே பதில் சொல்வது), வந்தவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்வது, நெட்வொர்க் துண்டிப்பைத் தாங்குவது என்ற மூன்றில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியுமாமே? எந்த இரண்டை எடுப்பது?

நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்பதை யாராவது நிறுத்தினால் நல்லது. கணினி விஞ்ஞானி எரிக் ப்ரூவர் இதை 2000-ல் முன்வைத்தார், கில்பர்ட்டும் லிஞ்ச்சும் 2002-ல் நிரூபித்தார்கள். அதில் உள்ளது இவ்வளவுதான்: நெட்வொர்க் இரண்டாகத் துண்டிக்கப்படும்போது, எல்லா நகலும் ஒரே பதிலைச் சொல்வது, வந்தவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்வது, இவற்றில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். துண்டிப்பை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கேபிள் அறுவதற்கு முன்னால் உங்களைக் கேட்காது. 'மூன்றில் இரண்டு' என்ற பேச்சு தவறான எண்ணத்தைத் தருகிறது என்று ப்ரூவரே 2012-ல் எழுதினார். டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர் டேனியல் அபாடி சேர்த்த ஒன்று எனக்கு இதைவிட உபயோகமாகப் படுகிறது: துண்டிப்பே இல்லாத நாளிலும் வேகமா, ஒத்திசைவா என்ற பேரம் நடந்துகொண்டேதான் இருக்கும். துண்டிப்பு என்றைக்கோ வருகிறது. இந்தப் பேரம் தினமும் நடக்கிறது.

கேள்வி: இரண்டு இடத்தில் ஒரே பதிவை மாற்றிவிட்டால், எதில் நேரம் பிந்தியதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடலாம் என்று எங்கள் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். எளிமையாக இருக்கிறது. சரிதானே?

எளிமைதான். பழைய யோசனையும்கூட. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில், 1975-ல், ஜான்சன், தாமஸ் என்ற இருவர் நகல் டேட்டாபேஸ்களைப் பராமரிப்பது பற்றி எழுதியதிலேயே நேர முத்திரையும் பிந்தியதே வெல்லும் விதியும் இருக்கின்றன. இன்றும் கசாண்ட்ரா மாதிரி டேட்டாபேஸ்கள் இதை வைத்துத்தான் ஓடுகின்றன.

ஆனால் 'பிந்தியது' என்று சொல்வது யாருடைய கடிகாரம்? நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் தன் முகவரியை மாற்றுவார், திரை 'மாற்றப்பட்டது' என்று சொல்லும், ஒரு நிமிடத்தில் பழைய முகவரி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். எந்த லாகிலும் (சர்வர் எழுதிவைக்கும் குறிப்பேட்டிலும்) பிழை இல்லை. மூன்று நாள் தேடிய பிறகுதான், ஒரே ஒரு சர்வரின் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று கண்டுபிடித்தோம். அந்த சர்வர் ஒரு பதிவைத் தொட்டுவிட்டால் அடுத்த நான்கு நிமிடத்துக்கு வேறு எந்த சர்வர் அதே பதிவை மாற்றினாலும் அது 'பழையது' என்று சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். பிழையும் காட்டாமல், எச்சரிக்கையும் தராமல், 'வெற்றி' என்று சொல்லிவிட்டு டேட்டாவைத் தொலைக்கும் முறை இது. எனக்கு அந்த மூன்று நாளுக்குப் பிறகு சுவர்க் கடிகாரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

கடிகாரத்தை நம்பாமல் வரிசை சொல்ல முடியுமா என்றால் முடியும். லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் காட்டிய வழி: ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதை ஒன்று கூட்டட்டும், செய்தி அனுப்பும்போது எண்ணையும் சேர்த்து அனுப்பட்டும், பெறுகிறவர் தன் எண், வந்த எண் இரண்டில் பெரியதை எடுத்து ஒன்று கூட்டிக்கொள்ளட்டும். இப்போது காரணம் எப்போதும் விளைவுக்கு முன்னால் நிற்கும். இதையே நகலுக்கு ஓர் எண் என்று நீட்டி ஒரு பட்டியலாக வைத்தால் வெக்டர் கடிகாரம். அதில் இரண்டு மாற்றங்களை ஒப்பிட்டால் மூன்றாவதாக ஒரு பதிலும் வரக்கூடும்: 'இவர்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.' இந்தப் பதில்தான் நேர முத்திரையில் கிடைக்காதது. உண்மையிலேயே மோதல் நடந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று யோசிக்கவே முடியும்.

கூகுள் நேர் எதிர்த் திசையில் போனது. தன் ஸ்பேனர் டேட்டாபேஸ் பற்றி 2012-ல் வெளியிட்ட கட்டுரையில், டேட்டா சென்டர்களில் ஜிபிஎஸ் வாங்கிகளையும் அணுக் கடிகாரங்களையும் வைத்து, 'இப்போது மணி என்ன' என்று கேட்டால் ஒரு புள்ளிக்குப் பதிலாக ஓர் இடைவெளியைச் சொல்லும் கடிகாரத்தை விவரித்தார்கள். சந்தேக அளவு அப்போது 1 முதல் 7 மில்லிவிநாடி வரை ஏறி இறங்கியது. ஒரு மாற்றத்துக்கு நேரம் குறித்ததும், அந்த நேரம் எங்குமே நிச்சயமாகக் கடந்துவிட்டது என்று தெரியும்வரை சும்மா காத்திருந்துவிட்டு அப்புறம்தான் வெளியே காட்டுகிறார்கள். கடிகாரம் தப்பு என்று ஒப்புக்கொண்டு, எவ்வளவு தப்பு என்று அளந்து, அந்த அளவுக்குப் பொறுத்திருப்பது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை, ஆனால் உங்கள் குழுவிடம் அணுக் கடிகாரம் இருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு: சுயவிவரப் படம் மாதிரி விஷயத்துக்குப் பிந்தியதே வெல்லட்டும், ஒன்றும் கெடாது. கணக்கு, இருப்பு, முகவரி என்றால் வேண்டாம்.

கேள்வி: மூன்று நகலில் இரண்டில் எழுதி, இரண்டில் படிக்கிறோம். ஒன்றாவது பொதுவாக இருந்தே தீரும், எனவே பழையதைப் படிக்க வாய்ப்பே இல்லை என்கிறார் என் மேலாளர்.

எண்ணிக்கைக் கணக்கு சரி, 1979-ல் கிஃபர்ட் சொன்னது அது. கணக்குக்கு வெளியே நடப்பதை அவரிடம் கேளுங்கள். எழுதியது ஒரு நகலுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டாவதுக்குப் போகவில்லை, பயனாளருக்குத் 'தோல்வி' என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு நகலில் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. அடுத்துப் படிக்கிறவர் அந்த நகலைத் தொட்டால் புதியதைப் பார்ப்பார், தொடாதவர் பழையதைப் பார்ப்பார். இரவில் நகல்களைச் சரிபார்க்கும் வேலை ஓடினால் அந்தத் 'தோல்வி' மூன்று இடத்துக்கும் பரவி வெற்றியாகிவிடும்! இப்படிப்பட்ட அமைப்பில் 'தோல்வி' என்றால் 'தெரியாது' என்று படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சில அமைப்புகள் உரிய நகல் கிடைக்காதபோது பக்கத்து சர்வரில் தற்காலிகமாக எழுதி 'இரண்டில் எழுதிவிட்டேன்' என்று கணக்குக் காட்டும் வழக்கமும் உண்டு, அப்போது உங்கள் மேலாளரின் 'பொதுவான ஒன்று' இல்லாமலே போய்விடும்.

கேள்வி: அழித்த பதிவுகள் உயிரோடு திரும்பி வருகின்றன. சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை. மூன்று நகலில் ஒன்று தூங்கும்போது நீங்கள் அழித்திருக்கிறீர்கள். அது விழித்ததும் மற்ற இரண்டிடமும், 'என்னிடம் இது இருக்கிறது, உங்களிடம் காணோமே, இந்தாருங்கள்' என்று அன்போடு கொடுத்துவிட்டது. இல்லாத ஒன்று ஒருபோதும் வராததா, வந்து அழிக்கப்பட்டதா என்று வெறுமையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அழிப்பதையும் ஓர் எழுத்தாகவே எழுதி வைக்கிறார்கள், 'இது செத்தது' என்று ஒரு கல்லறைக் கல். கல்லை என்றென்றும் வைத்திருக்கவும் முடியாது, இடம் நிரம்பும். கசாண்ட்ராவில் இயல்பாக 10 நாள் வைத்திருப்பார்கள். 10 நாளுக்கு மேல் தூங்கிய சர்வரை அப்படியே எழுப்பினால் ஆவிகள் கிளம்பும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுத்துச் சேருங்கள்.

இதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. டைனமோ என்ற தன் சேமிப்பு அமைப்பு பற்றிய அமேசானின் 2007 கட்டுரையில், வாங்கும் கூடையில் சேர்த்தது ஒருபோதும் தொலையாது, ஆனால் நீக்கியது சில சமயம் திரும்ப வரலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். விற்கிறவர் கண்ணோட்டத்தில் அது நல்ல முடிவு. நீக்கியது ஒரு பொருளாக இல்லாமல் ஒருவரின் அனுமதியாக இருந்தால் பயங்கரமான முடிவு.

கேள்வி: ஒரு டேட்டா சென்டர் விழுந்தால் இன்னொன்று தானாகவே பொறுப்பேற்கும்படி செய்துவிட்டோம். இனி நிம்மதியாகத் தூங்கலாமா?

தூங்குவதற்கு முன், புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் நிறுவனமே வெளியிட்ட ஓர் அறிக்கையின் சுருக்கத்தைக் கேளுங்கள். 2018 அக்டோபர் 21. பழுதாகிக்கொண்டிருந்த ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த அவர்களது முதன்மை டேட்டா சென்டருக்கு இணைப்பு போனது. 43 விநாடி. அவ்வளவுதான், திரும்ப வந்துவிட்டது. ஆனால் அந்த 43 விநாடிக்குள், தானாக மாற்றும் மென்பொருள் மேற்குக் கரை நகலைத் தலைமை ஆக்கிவிட்டது. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில விநாடி டேட்டா மேற்குக்குப் போய்ச் சேரவில்லை, மேற்கில் புதிதாக எழுதப்பட்டது கிழக்கில் இல்லை. இரண்டில் எதையும் தூக்கிப்போட அவர்கள் தயாராக இல்லை. கிழக்கில் ஓடிக்கொண்டிருந்த செயலிகளோ ஒவ்வொரு வினவலுக்கும் நாடு கடந்து போய்வரும் தாமதத்தைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது.

யார் தலைவர் என்று முடிவு செய்யும் பகுதி ராஃப்ட்டை வைத்துச் செய்தது, விதிப்படி பெரும்பான்மை சேர்த்தது, அதில் ஒரு தவறும் இல்லை. டேட்டா நகலெடுப்பு மட்டும் தன்பாட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. தலைவர் யார் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு, தலைவர் என்ன எழுதினார் என்பதில் இல்லை. உங்கள் ஏற்பாட்டில் தானாக மாறும் கருவி எவ்வளவு வேகம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கும் என்று எழுதவில்லை. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு அப்புறம் தூங்கப் போங்கள்.

கேள்வி: 'இறுதியில் ஒத்துப்போகும்' என்கிறார்களே, இறுதி எப்போது?

சொல்ல மாட்டார்கள். 'எழுதுவது நின்றுவிட்டால் ஒரு நாள் எல்லா நகலும் ஒன்றாகும்' என்பதுதான் வாக்குறுதி, அதில் நாள் குறிப்பிடப்படவில்லை. எழுதுவதும் ஒருபோதும் நிற்காது.

கேள்வி: தானாகவே ஒன்று சேரும் டேட்டா வகைகள் வந்துவிட்டன, இனி மோதலே கிடையாது என்று படித்தேன். உண்மையா?

2011-ல் ஷபீரோ குழுவினர் முறைப்படுத்தியவற்றைச் சொல்கிறீர்கள். அருமையான விஷயம்தான். விருப்பக் குறி (லைக்) எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நகலும் தன்னிடம் வந்ததை மட்டும் தனியாக எண்ணி வைத்து, சேரும்போது எல்லாவற்றையும் கூட்டினால் எந்த வரிசையில் சேர்ந்தாலும் ஒரே விடை. பலர் ஒரே ஆவணத்தில் எழுதுவது போன்றவற்றுக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் 'பூஜ்யத்துக்குக் கீழே போகாதே' என்று அதனிடம் சொல்லிப் பாருங்கள். கடைசி ஓர் இருக்கை இருக்கிறது. இரண்டு கண்டங்களில் இரண்டு நகல், இரண்டுமே ஒன்று இருப்பதைப் பார்த்து விற்றுவிடுகின்றன. பிறகு அழகாக ஒன்று சேர்ந்து, மைனஸ் ஒன்று என்று எல்லோரும் ஏகமனதாக ஒத்துக்கொள்வார்கள்! மோதல் இல்லை, உண்மைதான், பயணி மட்டும் நின்றுகொண்டிருப்பார். இதற்கு நான் பரிந்துரைப்பது பங்கு பிரிக்கும் பழைய முறை: 100 இருக்கையில் ஒரு நகலுக்கு 40, மற்ற இரண்டுக்கும் 30, 30 என்று முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தன் பங்கு இருக்கும்வரை யாரையும் கேட்காமல் விற்கலாம். தீரும்போது மட்டும் பக்கத்து நகலிடம் கேட்கட்டும். கடைசிச் சில இருக்கைகளுக்கு மட்டும் தாமதம், மீதி எல்லாம் பறக்கும்.

கேள்வி: எங்கள் செயலிக்கு எந்த ஒத்திசைவு நிலை சரி? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் வராது, ஏனென்றால் செயலிக்கு என்று ஒரு நிலை கிடையாது. டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, 'இதன் பழைய நகலை ஒருவர் படித்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேளுங்கள். பயனாளர் பெயர் ஒருவருக்கு மட்டும் என்பது பெரும்பான்மை வாக்கு இல்லாமல் நடக்காது, 200 மில்லிவிநாடி போனால் போகட்டும், கணக்குத் திறப்பது ஆயுளில் ஒரு முறை. விருப்பக் குறிகள் ஒரு நிமிடம் பழையதாக இருந்தால் யார் அழப்போகிறார்கள்?

நடுவில் இருப்பவைதான் மாட்டிவிடும். ஒருவர் தன் நண்பர் பட்டியலிலிருந்து ஒரு ஆளை நீக்குகிறார், நீக்கிய தைரியத்தில் ஒரு படத்தைப் போடுகிறார். தொலைவில் இருக்கும் நகலுக்குப் படம் முதலில் போய், நீக்கியது பிறகு போனால், யார் பார்க்கக்கூடாதோ அவர் பார்த்துவிடுவார். இங்கே இரண்டுமே தாமதமாகப் போகலாம், தவறில்லை, வரிசை மட்டும் மாறக்கூடாது. உலகம் முழுக்கப் பூட்டுப் போடத் தேவையில்லாமல், 'அது வந்து சேரும்வரை இதைக் காட்டாதே' என்று படத்தோடு ஒரு குறிப்பை அனுப்பினாலே போதும். பலர் இந்த இடத்தில்தான் ஒன்று எல்லாவற்றையும் பூட்டுகிறார்கள், இல்லை எதையும் பூட்டாமல் விடுகிறார்கள்.

அப்புறம், ஒரு முறை எடுத்த முடிவோடு ஆயுள் முழுக்க வாழ வேண்டும் என்பதும் இல்லை. அமேசானின் எஸ்3 சேமிப்பு 2006-ல் தொடங்கியது, எழுதியதும் அதையே படிக்க முடியும் என்ற உறுதியை முழுமையாகக் கொடுத்தது 2020 டிசம்பரில்தான்.

கேள்வி: மாணவன் நான். எங்கிருந்து தொடங்குவது?

லாம்போர்ட்டின் 1978 கட்டுரை, சிறியதுதான், இரண்டு முறை படியுங்கள். பிறகு உங்கள் மடிக்கணினியிலேயே மூன்று புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று நகலெடுக்கும்படி எழுதி ஓடவிட்டு, ஒன்றைக் கொன்று பாருங்கள். சும்மா இருக்கும்போது கொன்றால் ஒன்றும் தெரியாது, பாதி எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கொல்லுங்கள்.